கணப்படுப்புக்கு மேலே டிவி: நம் கடற்கரை வீட்டில் எங்கே மாட்டலாம், எங்கே கூடாது

கீழக்கரையில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் வேலை. சுவரை வெட்டிப் பைப் பதிக்கிற கட்டம். வீட்டுக்காரக் காக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுவார்கள்.

"தம்பி, மகன் கனடாவிலேர்ந்து அனுப்பியிருக்கான். ஹால்ல டிவி இதே மாதிரி வரணுமாம். பாத்துக்கங்க."

படத்தில் கல் ஒட்டிய சுவர். நடுவில் கணப்படுப்பு, அதாவது குளிர் காயச் சுவரிலேயே கட்டிய அடுப்பு, எரிகிறது. அதற்கு மேலே, நின்று பார்த்தாலே அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில், பெரிய டிவி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லாத்தா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "நெருப்புக்கு மேலதான் வேணும்னா அடுப்படியில மாட்டச் சொல்லுங்க. சோறாக்கிக்கிட்டே நான் பாத்துக்கிறேன்."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி பஸ்ஸில் மண்டபம் திரும்பும்போதுதான் உறைத்தது. கணப்படுப்பு இல்லாமலேயே நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் டிவி அந்தப் படத்தில் இருப்பது போலத்தான் தொங்குகிறது. வாசல் நிலைக்கு மேலே, ஷோகேஸுக்கு மேலே, அடுப்படிக்கு முதுகு கொடுத்த சுவரில். அவற்றில் நாலைந்தை மாட்டியவன் நானேதான். "அங்க மாட்டுங்க" என்று கை காட்டுவார்கள், டிரில்லை எடுப்பேன், அவ்வளவுதான். இப்போது அப்படிச் செய்வதில்லை. ஒரு வீட்டுக்குள் போனால் எதை முதலில் பார்க்கிறேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, கடல் காற்று படுகிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

அந்தப் படம் ஏன் அப்படி இருக்கிறது

குளிர் நாட்டுப் பழைய வீடுகளில் ஹாலுக்கு நடுநாயகம் கணப்படுப்புதான். புகைபோக்கி அந்தச் சுவரோடு மேலே ஏறும். சோபா எல்லாம் அதைப் பார்த்தே கிடக்கும். டிவி பின்னால் வந்த விருந்தாளி. நல்ல இடத்தை நெருப்பு முன்பே பிடித்துக்கொண்டதால், மிச்சம் இருந்த மேல்சுவருக்கு ஏறிக்கொண்டது. அது யாரும் தேர்ந்தெடுத்த உயரமே கிடையாது. வேறு வழியில்லாமல் வந்த உயரம்.

அங்கேயே அதற்கு ஆயிரம் யோசனை உண்டு. சூடான காற்று சுவரோடு மேலே ஏறி டிவியின் அடிப்பக்கத்தில் முட்டும். டிவியோடு வரும் கையேட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் வேலை செய்ய ஏற்றது என்று போட்டிருக்கும். அதனால் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்கிறார்கள். டிவி வரப்போகும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி, வழக்கமாக எரிப்பது போல இரண்டு மூன்று மணி நேரம் நெருப்பு மூட்டிவிட்டுப் பார்ப்பார்கள். 40-ஐ நெருங்கினால் அந்த இடம் வேண்டாம். அடுப்புக்கு மேலே ஆழமான கல் பலகை நீட்டிக்கொண்டிருந்தால் சூட்டை முன்பக்கம் தள்ளிவிடும், கொஞ்சம் தப்பிக்கலாம். விறகு அடுப்பானால் புகைக்கரியும் சேரும். நெருப்பு மூட்டாமல் சும்மா அழகுக்கு விட்டிருக்கும் கணப்பு என்றால் சூட்டுத் தொல்லை இல்லை, உயரத் தொல்லை மட்டும்தான். வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தெர்மாமீட்டர் வேலை ஒன்றே போதும், கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஊரிலும் இன்டீரியர் வேலை செய்கிறவர்கள் டிவி யூனிட்டுக்குக் கீழே மின்சாரக் கணப்பு வைத்துத் தருகிறார்கள். எல்இடி விளக்கில் நெருப்பு ஆடுவது போலத் தெரியும். வெறும் விளக்கு என்றால் பாதகமில்லை. ஹீட்டரும் சேர்ந்தது என்றால், சித்திரை வெயிலில் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து ஹீட்டர் போடப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலை: உட்காருங்கள்

டிரில், டேப், பிராக்கெட் எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் டிவி பார்க்கும்போது எப்படி உட்காருவார்களோ அப்படி உட்காரச் சொல்லுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் தடுமாறுவது இங்கேதான். அவர்கள் எல்லோரும் சோபாவில் உட்கார்வதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நம் வீட்டில் சோபாவில் வாப்பா, கீழே பாயில் உம்மா, அவர் மடியில் பேரன், ஓரத்துக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெரியவர், வாசல்படியில் ஒரு கால் வெளியே வைத்துக் கிரிக்கெட் பார்க்கும் பையன்.

ஒவ்வொருவரின் கண்ணும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். சோபாவில் சுமார் 40 முதல் 42 இன்ச் வரும். பிளாஸ்டிக் நாற்காலியில் இன்னும் இரண்டு இன்ச் கூடும். பாயில் சம்மணம் போட்டால் 28 முதல் 31 இன்ச்தான். யார் எங்கே அதிக நேரம் உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள். விருந்தாளிக்காக வாங்கிய சோபாவில் வருஷத்தில் பத்து நாள்தான் ஆள் இருக்கும்.

இனி கணக்கு. திரையின் நடுப்புள்ளி பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே இருந்தால் உத்தமம். கொஞ்சம் மேலே போகலாம், எவ்வளவு என்றால், உட்காரும் தூரத்தில் கால் பங்கு. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு மேலே இரண்டு அடி வரைக்கும். ஆறடி என்றால் ஒன்றரை அடி. இது ஏறக்குறைய 14 டிகிரி கோணம். அதைத் தாண்டினால் கண் மட்டும் ஏறிப் பார்க்க முடியாது, முகவாய்க்கட்டையும் சேர்ந்து தூக்கும். தூக்கினால் பிடரி மடங்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 43 இன்ச் டிவி என்பது குறுக்குவாட்டு அளவு. அதன் உயரம் 21 இன்ச்தான், அகலம் ஏறக்குறைய 37. நடுப்புள்ளியைத் தரையிலிருந்து 42 இன்ச்சில் வைத்தால் சோபாக்காரருக்கு நேரே இருக்கும். பாயில் இருப்பவருக்கு ஓரடி மேலே. எட்டடி தூரத்தில் அது 7 டிகிரி, ஒன்றும் செய்யாது. இதே டிவியை ஏழடி நிலைக்கு மேலே மாட்டினால் என்ன ஆகும்? நிலைக்கும் டிவிக்கும் மூன்று இன்ச் இடைவெளி விட்டால் நடுப்புள்ளி 97 இன்ச்சுக்குப் போய்விடும். சோபாவிலிருந்து 30 டிகிரி, பாயிலிருந்து 35 டிகிரி. ராமநாதசுவாமி கோயில் கோபுரத்தை ரதவீதியில் நின்று பார்ப்பது போல. கோபுரத்தை ஐந்து நிமிஷம் பார்ப்போம், கும்பிடுவோம், போய்விடுவோம். சீரியல் அப்படி இல்லை.

உயரத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எல்இடி டிவிகளின் திரைப் பலகையில், அதாவது பேனலில், விஏ, ஐபிஎஸ் என்று வகை உண்டு. பல டிவிகள் விஏ பேனல் கொண்டவை. நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். கீழேயிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் பேனலில் இது குறைவு. கடையில் எது என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. ஓடுகிற டிவிக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். நான் அப்படி உட்கார்ந்தபோது கடைப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், எனக்கு மயக்கம் என்று நினைத்து.

உயரத்தின் மேல் நமக்கு இருக்கும் ஆசைக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு இந்தக் கடற்கரையில் வசதி உள்ளவர்கள் மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஆண்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு தெளிவு. பிறகு ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. ஆண்டெனாவுக்கு உயரம் வேண்டும், சரி. திரைக்கு எதற்கு?

மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியையோ, அதே அளவுக்கு ஒட்டிய செய்தித்தாளையோ நீங்கள் ஆசைப்படும் உயரத்தில் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் இருக்கட்டும். ராத்திரி வழக்கமாக டிவி பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பதற்குப் பதிலாக அந்த அட்டையைப் பத்து நிமிஷம் பாருங்கள். வீட்டில் பைத்தியம் என்பார்கள். ஆனால் சுவரில் நாலு ஓட்டை மிச்சம்.

சூடு: நம் வீட்டுக் கணப்பு எங்கே இருக்கிறது

நெருப்பு மூட்டும் கணப்பு நமக்கு இல்லை. சுவரே கணப்பாகிற இடங்கள் உண்டு. மேற்குச் சுவரில் சாயங்காலம் நாலு மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள். அடுப்படிச் சுவரின் மறுபக்கத்தில், இரண்டு அடுப்பும் எரியும்போது வைத்துப் பாருங்கள். விறகடுப்பு இன்னும் எரிகிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஹாலில் மேலே போகப்போக அனல்தான். தரையில் பாய் போட்டுப் படுக்கும் இடத்துக்கும் கூரைக்கு இரண்டடி கீழே இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஏணியில் ஏறியவனுக்குத்தான் தெரியும்.

அவர்கள் நெருப்புக்குச் செய்யும் தெர்மாமீட்டர் சோதனையை நாம் வெயிலுக்குச் செய்யலாம். சுவரில் மாட்டும் சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். டிவி வரப்போகும் இடத்தில் ஒட்டி, மத்தியானம் மூன்று மணிக்கும், ராத்திரிச் சமையல் நடக்கும்போதும் பாருங்கள். 38, 39 காட்டினால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். டிவி தானே கொஞ்சம் சூடு கக்கும், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மரப்பெட்டி போல மூன்று பக்கமும் அடைத்த டிவி யூனிட் என்றால் மேலேயும் பக்கவாட்டிலும் நாலு இன்ச்சாவது காற்று போக இடம் விடச் சொல்லுங்கள். ஆசாரிகள் டிவி அளவுக்கு அச்சாக வெட்டித் தருவதைத்தான் திறமை என்று நினைப்பார்கள்.

உப்பு

வெளியூர் வழிகாட்டி எதிலும் இது இருக்காது. நம் ஊரில் டிவியைக் கொல்வதில் முதல் ஆள் உப்புதான்.

காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறது. ஊரெல்லாம் விட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நம் காற்றின் பெருமை அது. 1914-ல் ஓடத் தொடங்கிய பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து முடியாத கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இடம் பார்ப்பது சுலபம். அலை உடையும்போது தெறிக்கிற பொடித்துளி காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளாக வீட்டுக்குள் வருகிறது. டிவியின் பின்பக்கம் காற்றுப்போக வைத்த துளைகள் வழியாக உள்ளே போய்ச் சர்க்யூட் போர்டில் உட்காருகிறது. பகலில் காய்ந்து கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அடுப்படியில் உப்பு ஜாடி ராத்திரியில் கசிந்து நிற்பது இதனால்தான். போர்டில் அதே கசிவு நடந்தால் அங்கே பற்றவைத்த பாகங்களின் கம்பிக் கால்களுக்கு நடுவே கரண்ட் ஊரும், செம்பு பச்சை பூக்கும். ஒரு நாள் காலையில் சுவிட்ச் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், படம் வராது.

அதனால் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் டிவிக்கு ஆகாது. எந்தக் கடல் என்பதையும் பாருங்கள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்வோம். வடகடல் அடங்கிக் கிடக்கிற பெண்கடல், தென்கடல் அலை அடிக்கிற ஆண்கடல். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் கச்சான் காற்றுக் காலத்தில் தெற்கும் மேற்கும் பார்த்த ஜன்னல்கள்தான் உப்பை அள்ளிக்கொண்டு வரும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வாடைக் காலத்தில் வடக்கும் கிழக்கும். காற்று உள்ளே வரும் வழிக்கும் வெளியே போகும் வழிக்கும் நடுவில் டிவி நிற்கக் கூடாது. ஒதுங்கின சுவர், அதாவது கதவைத் திறந்தால் காலண்டர் படபடக்காத சுவர், அதுதான் வேண்டியது.

சோதனை ஒன்று சொல்கிறேன். ஹாலில் நீங்கள் யோசிக்கும் இரண்டு மூன்று இடங்களில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்து விரலால் இழுத்து நாக்கில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் வாடிக்கையாளர் வீட்டிலேயே செய்திருக்கிறேன். எந்தக் கண்ணாடி அதிகமாகக் கரிக்கிறதோ அந்த இடம் வேண்டாம்.

சுவர் தாங்குமா

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. கடல் மணல் கலந்து பூசியது என்று பார்த்தாலே தெரியும், சுவரில் இடுப்பளவு வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு மேலே நன்றாக இருக்கிறதே என்று நிலைக்கு மேல் ஓட்டை போட்டு 43 இன்ச்சை மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மழைக்காலத்தில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மேல் இரண்டு போல்ட்டும் உள்ளங்கை அளவு பூச்சைப் பெயர்த்துக்கொண்டு பிராக்கெட்டோடு சாய்ந்து நிற்கின்றன. எச்டிஎம்ஐ வயர்தான் டிவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே எப்போதும் உட்காரும் பாட்டி அன்றைக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தார். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்கள் வாங்கவில்லை.

அன்றிலிருந்து முதலில் சுவரைத் தட்டுகிறேன். ஐந்து ரூபாய்க் காசால் தட்டினால் நல்ல பூச்சு கெட்டியாக ஒலிக்கும், செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு பொள்ளலாக ஒலிக்கும். சாவி நுனியால் கீறினால் மாவாக உதிர்கிற பூச்சில் எதுவும் நிற்காது. ஓட்டை போடும்போது வருகிற தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், நிம்மதி. சாம்பல் நிறத் தூள் வந்து டிரில் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். லேசான வெள்ளை மாவு வந்தால் ஏஏசி பிளாக்கோ (நுரை போல லேசான சிமென்ட் கல்) பழைய சுண்ணாம்புச் சுவரோ. தூள் ஈரமாக டிரில் பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ கசிகிற பைப்போ இருக்கும்.

செங்கல் சுவரில் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் இரண்டு இன்ச்சாவது போல்ட் போக வேண்டும். பூச்சு அரை இன்ச்சுக்கு மேல் இருக்கும், அது எதையும் தாங்காது. அது வெறும் சட்டை. செங்கல் நடுவில் ஓட்டை விழ வேண்டும், இரண்டு செங்கல் சேரும் இடத்தில் விழுந்தால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் இருக்கும் சுண்ணாம்புச் சாந்துப் பழைய வீடுகளில் டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டாதீர்கள், கல்லே ஆடிப்போகும். அந்த மாதிரிச் சுவருக்கும் ஹாலோ பிளாக்குக்கும் நான் செய்வது ஒன்றுதான். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டை மூன்றடி நாலடி அளவுக்கு வெட்டி, எட்டுப் பத்து இடத்தில் சுவரோடு பிடித்து, அதன் மேல் பிராக்கெட்டைப் பூட்டுவேன். பாரம் பரவிவிடும். பெயின்ட் அடித்தால் அலங்காரம் போலவே இருக்கும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள். வயர் பைப் அந்தக் கோட்டில்தான் ஏறும்.

பிராக்கெட்டும் போல்ட்டும்

டிவிக்குப் பின்னால் நாலு திருகுத் துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளிக்கு வெசா அளவு என்று பெயர். 43 இன்ச்சுக்குப் பெரும்பாலும் 200-க்கு 200 மில்லிமீட்டர், பெரியதற்கு 300, 400 என்று போகும். அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சுவரோடு ஒட்டி நிற்கும் பிராக்கெட், முன்பக்கம் சாய்க்கும் பிராக்கெட், கை போல நீண்டு திரும்பும் பிராக்கெட் என்று மூன்று வகை. வேறு வழியே இல்லாமல் உயரத்தில்தான் மாட்டியாக வேண்டும் என்றால் சாய்க்கிற வகையை வாங்குங்கள். டிவியின் முகம் கீழே குனியும், பளபளப்பும் குறையும். கழுத்து வலி மட்டும் குறையாது. கை நீளும் வகை பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அதன் மூட்டுகளில் நம் ஊர் உப்பு போய் உட்கார்ந்தால் ஒரு வருஷத்தில் கீச்சென்று கத்தும், அப்புறம் திருப்பவே வராது. அதோடு டிவியை வெளியே இழுக்கும்போது மேல் போல்ட்டுகளின் மேல் விழும் இழுப்பு பல மடங்கு. உப்புப் பூத்த சுவருக்கு அது எமன்.

பிராக்கெட்டோடு பாக்கெட்டில் வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசியவை. அவற்றைக் கிணற்றுக்குள் போடுங்கள். மண்டபம், ராமேஸ்வரத்தில் படகுச் சாமான் விற்கும் கடைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட் கிடைக்கும். 316 என்று கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்குக் குழி விழாமல் தாக்குப்பிடிக்கும். 304 வீட்டுக்குள் ஓடும், கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். காந்தம் வைத்துப் பார்த்தால் ஒட்டுகிற இரும்பைக் கழித்துக்கட்டலாம். 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது, அதற்குக் கடைக்காரரின் நாணயம்தான். டிவிக்குள் போகும் திருகுகளை முடுக்கும்போது துளி கிரீஸ் தடவுங்கள். பின்னால் கழற்றுகிறவன் உங்களை வாழ்த்துவான். நான் கிரைண்டர் வைத்து அறுத்த திருகுகள் கணக்கில்லை.

கரண்ட்

பிளக் பாயின்ட் டிவிக்குப் பின்னால் மறைவாக, ஆனால் கை போகிற இடத்தில் இருக்க வேண்டும். காரணம், இடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கும்போது ரிமோட்டில் அணைத்தால் போதாது. பிளக்கையும் டிஷ் வயரையும் இரண்டையுமே கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டுவைத்த வீடுகளில் எச்டிஎம்ஐ பக்கம் புகைந்து போன போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். நிலைக்கு மேல் தொங்கும் டிவிக்குப் பின்னால் இருட்டில் இடியோடு யார் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள்?

இப்போதைய டிவிகளில் பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் குறைந்த வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டாம், ஸ்டெபிலைசர் அவசியமில்லை. திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர்தான் வேண்டும், அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். உவர் மணலில் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப் சில வருஷத்தில் அரித்துப் போய்விடும். வீடு கட்டிப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்றால் டிவிக்கு முன்னால் எர்த்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடு

கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் பல வீடுகள் வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே இருக்கும். ஓடாத டிவிதான் சீக்கிரம் போகும். ஓடும்போது வருகிற சூடு உள்ளே உள்ள ஈரத்தை விரட்டுகிறது. அதனால் மழைக்காலத்தில் தினம் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். பூட்டிப் போகிறவர்கள் சுவரிலிருந்து கழற்றி, கடலுக்கு எட்டாத உள் அறையில் பருத்தித் துணி போர்த்தி நிறுத்திவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே புழுங்கும்.

துடைப்பதும் முக்கியம். திரையில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புக்கல் கீறிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த துணி. திரையில் நேரே எதையும் ஸ்பிரே செய்ய வேண்டாம்.

வாடகை வீடு, பூச்சு உதிரும் சுவர், தகரக் கூரை வீடு இவற்றில் சுவரையே மறந்துவிட்டு, இரண்டடி உயர மேஜையில் டிவியோடு வந்த காலிலேயே நிறுத்துவது மேல். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின்னால் ஒரு பெல்ட் போட்டு மேஜையோடு கட்டுங்கள்.

காக்கா வீட்டில் என்ன செய்தோம்

கண்ணாடி வைத்துப் பார்த்ததில் தெற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் நன்றாகக் கரித்தது. மேற்குச் சுவர் மூன்று மணிக்கு 39 காட்டியது. மிஞ்சியது படுக்கையறையை ஒட்டிய உள்சுவர். செங்கல், உப்பு இல்லை, காற்று ஓட்டம் இல்லை. 55 இன்ச், அகலம் நாலடி, பொருந்தியது. சோபா ஒன்பதடி தள்ளி. நடுப்புள்ளி 42 இன்ச். கல் ஒட்டிய சுவர் வேண்டும் என்று மகன் கேட்டதால் டிவிக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் கல் ஒட்டினோம், கீழே நெருப்பு இல்லாமல்.

மாட்டிய அன்றைக்கு வீடியோ காலில் மகன் முகம் சுளித்தார். "ரொம்பக் கீழ தெரியுதே அண்ணே." காக்கா போனை வாங்கித் திருப்பிப் பாயில் உட்கார்ந்திருந்த லாத்தாவைக் காட்டினார். அவர் கீரை ஆய்ந்துகொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தார், இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன பெருநாளைக்கு மகன் ஊருக்கு வந்திருந்தபோது ஃபேன் மாட்டக் கூப்பிட்டார்கள். நான் ஏணியில் நின்றிருந்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் விக்கெட் விழுவதற்குள் இறங்கிப் பாயில் கால் நீட்டிவிட்டார்.